ஆள் எந்த ஊர், எந்த கிளப்? பிரிட்டிஷ் படங்களிலும் தொடர்களிலும் பேச்சும் கால்பந்தும்

நடுக்களம்

பிரிட்டிஷ் தொடர்கள் பார்க்கிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரு பாத்திரம் எந்த ஊர்க்காரர் என்று காட்ட அங்கே இரண்டு வழி வைத்திருக்கிறார்கள். ஒன்று அவர் பேசும் பேச்சு, இன்னொன்று அவர் உயிரை விடும் கால்பந்து கிளப். இரண்டும் ஒரே தெருவிலிருந்து வந்தால் அந்த ஆளை நம்பிவிடுகிறோம். என் கட்சி என்னவென்றால், இரண்டில் கிளப்தான் முக்கியம். பேச்சு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் விட்டுவிடலாம், கிளப்பைத் தப்பாகக் கொடுத்தால் விடவே முடியாது. பேச்சு நடிகருடைய பொறுப்பு, கிளப் எழுதியவருடைய பொறுப்பு, எழுதியவருக்கு அந்த ஊர் தெரியுமா என்பது அந்த ஒரு பெயரிலேயே வெளியே வந்துவிடும்.

1960களில் பிபிசியில் தொடங்கிய 'டில் டெத் அஸ் டூ பார்ட்' தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆல்ஃப் கார்னெட் கிழக்கு லண்டன் வாப்பிங்கில் இருக்கிற, வாயைத் திறந்தால் வெறுப்பைக் கொட்டுகிற கிழவர், கழுத்தில் வெஸ்ட் ஹாம் மஃப்ளர். மருமகன் லிவர்பூல்காரன், அந்த ஊர்ப் பேச்சு, அந்த ஊர் அணி, அரசியலில் நேர் எதிர். இரண்டு பேரையும் ஒரே சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்தால் போதும், கதை தானாக ஓடும். ராஜ குடும்பம், தொழிற்சங்கம், கடவுள் என்று எதிலாவது சண்டை தொடங்கி வெஸ்ட் ஹாமா லிவர்பூலா என்பதில் போய் நிற்கும். இதில் ஆல்ஃபாக நடித்த வாரன் மிட்செல் சொந்த வாழ்க்கையில் டாட்டன்ஹாம் ரசிகர், யூதர், இடதுசாரி. பாத்திரத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தது 'பாய்ஸ் ஃப்ரம் த பிளாக்ஸ்டஃப்'. ஆலன் பிளீஸ்டேல் எழுதி 1982 அக்டோபரில் பிபிசி 2-இல் வந்தது. பிரிட்டனில் வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டிய வருடம் அது, தார் ரோடு போடும் வேலை செய்து பிழைத்த லிவர்பூல் ஆட்களின் கதை. யோசர் ஹியூஸுக்கு வேலை போயிற்று, மனைவி போயாயிற்று, மூன்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பார்க்கிறவரிடமெல்லாம் 'கிஸ்ஸா ஜாப்' என்று வேலை கேட்டுத் திரிகிறான். ஒரு காட்சியில் அப்போதைய லிவர்பூல் கேப்டன் கிரேம் சூனஸும் அதே அணியின் சாமி லீயும் தங்கள் சொந்த வேடத்திலேயே வந்து உட்கார்ந்திருப்பார்கள். யோசர் போய் சூனஸ் பக்கத்தில் உட்கார்ந்து, நீ பார்க்க என்னைப் போலவே இருக்கிறாய் என்பான். இருவருக்கும் அதே அடர்ந்த மீசை. சூனஸ் சங்கடத்தோடு பார்க்க, யோசர் விடாமல் பேசிக்கொண்டே இருப்பான். அந்த வருடம் லிவர்பூல்தான் லீக் சாம்பியன். ஊர் அணி நாட்டிலேயே முதல் இடத்தில், ஊர்க்காரன் கையில் வேலை இல்லாமல் கேப்டனுக்குப் பக்கத்தில். இதை விளக்க ஒரு வசனம்கூட வைக்கவில்லை பாருங்கள். வேறு ஏதாவது ஊர் ஆட்டக்காரரை அங்கே உட்கார வைத்திருந்தால் அந்தக் காட்சியே இல்லை.

நீங்கள் பார்த்ததில் எது சரியாக வந்தது, எது சொதப்பியது, எழுதுங்கள்.

கிரீன்ஸ்ட்ரீட் பக்கம்

வணக்கம் அண்ணா. நான் இருப்பது ஈஸ்ட் ஹாமில். அப்டன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி கிரீன் ஸ்ட்ரீட்டால் நடந்தால் குவீன்ஸ் மார்க்கெட், அதையும் தாண்டிப் போனால் முந்தி வெஸ்ட் ஹாம் மைதானம் இருந்த இடம். 2016-இல் அவர்கள் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போய்விட்டார்கள், இப்போது அங்கே அடுக்குமாடி வீடுகள். எங்கட ஆக்கள் நிறையப் பேர் இருக்கிற இடம், அதனால் வெஸ்ட் ஹாம் என்றால் எங்களுக்கும் பக்கத்து வீட்டு விஷயம்.

கிளப் சரியாக இருந்தால் போதும் என்கிற உங்கட கருத்தை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 2005-இல் வந்த 'கிரீன் ஸ்ட்ரீட்' படத்தை எடுங்கள். கிளப் வெஸ்ட் ஹாம், எதிரி மில்வால், தெரு சரி, மைதானம் சரி. உதைபந்தாட்டக் குண்டர் கூட்டம் என்பதும் கற்பனை இல்லை, 'இன்டர் சிட்டி ஃபர்ம்' என்று உண்மையிலேயே ஒன்று இருந்தது, இன்டர்சிட்டி ரயிலில் வெளியூர் ஆட்டங்களுக்குப் போனதால் வந்த பெயர். எழுதியவர்கள் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் செய்திருக்கிறார்கள். ஆனால் கூட்டத் தலைவனாக வருகிற சார்லி ஹன்னம் வாயைத் திறந்ததும் எல்லாம் கவிழ்ந்துபோகும். ஆள் பிறந்தது நியூகாசிலில். அவர் பேசுகிற கிழக்கு லண்டன் பேச்சு ஒரு வசனத்துக்குள்ளேயே மூன்று இடத்துக்குப் போய்விட்டு வரும். படத்தில் மிக மோசமான ஆக்சென்ட் எது என்று இங்கே யார் பட்டியல் போட்டாலும் அதில் அவர் இருப்பார். நான் அதை இந்த ஊர்ப் பொடியங்களோடு இருந்து பார்த்தேன், சண்டைக் காட்சியில் அமைதியாக இருந்தவர்கள் அவர் கதைக்கிற இடங்களில் நெளிந்தார்கள். ஆக, கிளப் நூறு வீதம் சரி, படம் போச்சு.

இதே வெஸ்ட் ஹாம் கூட்டத்தை வைத்து 1989-இல் ஆலன் கிளார்க் எடுத்த 'த ஃபர்ம்' பாருங்கள். கூட்டத் தலைவனாக வருகிற கேரி ஓல்ட்மன் பிறந்தது நியூ கிராஸில், ஆற்றுக்குத் தெற்கே, அதுவும் எதிரியான மில்வாலின்ர இடம். ஆனாலும் ஒருத்தரும் ஒரு குறை சொல்ல முடியாது. அவர் நடிக்கிற ஆள் பகலில் வீடு விற்கிற தரகர், வார இறுதியில் கத்தி தூக்குகிறவர், இரண்டுக்கும் ஒரே குரல். வேலை இடத்தில் ஒரு சொட்டு மெருகு கூடும், அவ்வளவுதான். அந்தக் காலத்தில் காசு வந்த கிழக்கு லண்டன்காரர் அப்படித்தான் கதைத்தார்கள் என்று இங்கே வயதானவர்கள் சொல்வார்கள்.

பழையநாடா

கிரீன்ஸ்ட்ரீட் சொன்ன ஹன்னம் விஷயம் சரி. ஆனால் அதை வைத்து "அந்த ஊர் நடிகரைத்தான் போட வேண்டும்" என்று யாராவது தொடங்குவதற்கு முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நடுக்களம் அவ்வளவு உருகி எழுதினாரே, அந்த யோசர் ஹியூஸ், லிவர்பூலின் முகமாகவே ஆகிப்போன பாத்திரம், அதில் நடித்த பெர்னார்ட் ஹில் மான்செஸ்டர்காரர். லிவர்பூலுக்கும் மான்செஸ்டருக்கும் நடுவில் சுமார் 50 கிலோமீட்டர்தான் வரும், ஆனால் பேச்சிலும் பந்திலும் அவர்கள் ஒருவரை ஒருவர் பார்க்கும் பார்வை நமக்குத் தெரியும். அப்படியும் லிவர்பூல் அவரைத் தன் பிள்ளையாகவே எடுத்துக்கொண்டது.

1983-இல் ஐடிவியில் வந்த 'ஆஃப் வீடர்ஸேன், பெட்' இதற்கு இன்னும் நல்ல உதாரணம். ஊரில் வேலை இல்லாமல் ஜெர்மனியில் டூசல்டார்ஃப் கட்டட வேலைக்குப் போகிற ஏழு பேர், ஒரே மரக்குடிசையில் தங்கல். மூன்று பேர் நியூகாசில் பக்கம், ஒருவர் லண்டன், ஒருவர் பிரிஸ்டல், ஒருவர் பர்மிங்காம் பக்கம், ஒருவர் லிவர்பூல். ஏழு பேச்சையும் கேட்பதற்காகவே பார்க்கலாம். இதில் பிரிஸ்டல்காரர் பாம்பராக வரும் மல்யுத்த வீரர் பேட் ரோச் நிஜத்தில் பர்மிங்காமில் பிறந்தவர். பர்மிங்காம் பக்கத்து பேரியாக வரும் டிமோதி ஸ்பால் லண்டன்காரர். நியூகாசில் மூன்று பேர் மட்டும் அந்தப் பக்கத்து ஆட்களே, ஜிம்மி நெயில், டிம் ஹீலி, கெவின் வாட்லி. தொடரின் நங்கூரம் அவர்கள் என்பதால் அங்கே மட்டும் யாரும் விளையாடவில்லை. கேட்டால் வித்தியாசம் புரியும், ஸ்பால் பேச்சைச் செதுக்கிச் செதுக்கிப் பேசுவார், ஜிம்மி நெயில் பாதியை விழுங்கிவிடுவார். ஊர்க்காரன் விழுங்குவான், வெளியூர் நடிகர் ஓர் எழுத்தையும் விட மாட்டார். நம் படங்களில் நெல்லைத் தமிழ் பேசுகிறேன் என்று வார்த்தைக்கு வார்த்தை 'லே' போடுகிறார்களே, அந்தக் கதைதான்.

இதோடு 1996-இல் வந்த 'அவர் ஃபிரண்ட்ஸ் இன் த நார்த்'. நியூகாசில் நண்பர்கள் நால்வர், 1964-இலிருந்து 1995 வரை. டேனியல் கிரெய்க் செஸ்டரில் பிறந்தவர், கிறிஸ்டோபர் எக்கில்ஸ்டன் சால்ஃபோர்டு, மார்க் ஸ்ட்ராங் லண்டன். நால்வரில் ஜீனா மெக்கீ ஒருவர்தான் வடகிழக்கு, அவரும் டர்ஹம் மாவட்டம், நியூகாசில் நகரம் இல்லை. எக்கில்ஸ்டன் மான்செஸ்டர் யுனைடெட் பக்தர் வேறு. ஆனால் அந்தத் தொடர் இன்றும் நிற்கிறது.

நடுக்களம்

பழையநாடா கொடுத்த உதாரணங்கள் என் பக்கத்துக்குத்தான் பலம் சேர்க்கின்றன. பெர்னார்ட் ஹில் எந்த ஊராக இருந்தாலும் பிளீஸ்டேல் லிவர்பூல்காரர், அதனால் காட்சி நிற்கிறது.

கிரீன்ஸ்ட்ரீட்டுக்கு 'த டாம்ன்ட் யுனைடெட்' (2009) வழியாகப் பதில் சொல்கிறேன். பிரையன் கிளஃப் 1974-இல் லீட்ஸ் மேலாளராக 44 நாள் மட்டும் இருந்த கதை. கிளஃப், அவருக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த டான் ரீவி, இருவரும் ஜென்ம விரோதிகள், ஆனால் இருவரும் பிறந்தது ஒரே மிடில்ஸ்பரோவில். படத்தில் கிளஃப் ஆக வேல்ஸ்காரர் மைக்கேல் ஷீன், ரீவியாக அயர்லாந்துக்காரர் கோம் மீனி. லீட்ஸ் கேப்டன் பில்லி பிரெம்னர் ஸ்காட்லாந்தின் ஸ்டெர்லிங்காரர், அவராக வருவது லிவர்பூலை ஒட்டிய கர்க்பியைச் சேர்ந்த ஸ்டீபன் கிரஹாம். துணை மேலாளர் பீட்டர் டெய்லராக மேலே சொன்ன அதே டிமோதி ஸ்பால். முக்கியமான நான்கு பேரில் ஒருவர்கூடத் தன் சொந்தப் பேச்சில் பேசவில்லை.

ஷீனை மட்டும் கொஞ்சம் கவனியுங்கள். கிளஃபுக்கு மூக்கில் பேசும் பழக்கம், வாக்கியத்தின் கடைசி வார்த்தையை இழுத்துவிட்டு எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். கிளஃப் வேலை போன அன்று இரவே யார்க்‌ஷயர் தொலைக்காட்சியில் அவரையும் ரீவியையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேச வைத்தார்கள், அந்தப் பதிவு இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. படத்திலும் அந்தக் காட்சி வரும். இரண்டையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஷீன் மிடில்ஸ்பரோ பேச்சை எடுக்கவே இல்லை, கிளஃப் என்ற ஒரு மனிதரின் பேச்சை எடுத்தார். இது வேறு வேலை, ஒரு வகையில் இன்னும் கஷ்டமான வேலை, ஏனென்றால் அந்தக் குரல் நாடு முழுக்க எல்லார் காதிலும் இருக்கிறது. 12 வயதில் ஆர்சனல் இளையோர் அணியில் சேர அவருக்கு அழைப்பு வந்ததாம், குடும்பம் அனுப்பவில்லை. பந்தை அவர் காலில் வாங்கும் விதத்தைப் பார்த்தாலே அது தெரியும்.

ஹன்னமுக்குக் கிடைத்தது ஒரு பேட்டை முழுவதன் பேச்சு, பின்பற்ற ஒரு மனிதர் இல்லை. அவர் தடுமாறியதில் நடிகர் குறை பாதி என்றால் மீதி அந்தப் படத்துக்குத் தெருவின் பெயர் தெரிந்து தெருவில் இருக்கிற ஆள் யாரென்று தெரியாததுதான். அவருடைய வசனங்களை அச்சில் வாசித்தாலும் வெளிநாட்டவருக்கு லண்டனைச் சுற்றிக் காட்டுகிற மாதிரிதான் இருக்கும்.

புதுவரவு77

நான் பார்த்தது 'டெட் லாஸோ' மட்டும்தான். அதில் கிளப்பே கற்பனை. ஏஎஃப்சி ரிச்மண்ட் என்று ஒன்று கிடையாதே? அப்படியானால் நடுக்களம் கணக்கில் அது தோல்வியா? ஜேமி டார்ட் பேசுவது எனக்கு சப்டைட்டில் இல்லாமல் புரியவே இல்லை, அது எந்த ஊர்ப் பேச்சு?

பழையநாடா

ஜேமி மான்செஸ்டர். மான்செஸ்டர் சிட்டியிலிருந்து லோனில், அதாவது தற்காலிகமாக ஆட வந்தவன் என்று முதல் சீசனிலேயே சொல்வார்கள். நடித்த ஃபில் டன்ஸ்டர் வளர்ந்தது ரெடிங்கில், தெற்கே, சாதாரணமாக அவர் பேசுவதைக் கேட்டால் ஆள் யாரென்றே தெரியாது. ஜேமியின் பேச்சை நான் ரசிக்கக் காரணம், அப்பா முன்னால் அது மாறும். மற்ற நேரம் நெஞ்சை நிமிர்த்தி இழுத்துப் பேசுகிறவன், குடித்துவிட்டு வரும் அந்த மனிதர் முன்னால் குரல் சுருங்கி, வார்த்தைகளும் குறைந்துவிடும். அதே ஊர்ப் பேச்சு, அளவு மட்டும் வேறு. அப்பா சிட்டி வெறியர், மகன் சிட்டிக்கு எதிராக ஆட வேண்டிய நாள் வெம்ப்ளியில், அங்கேதான் உடைமாற்றும் அறையில் அந்தச் சண்டை. இங்கே கிளப் பெயர் உண்மையானது என்பதால்தான் அது உறைக்கிறது.

ரிச்மண்ட் கற்பனைதான். மைதானத்துக்கு கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கைக் காட்டுவார்கள், சட்டையும் அதே சிவப்பு நீலம். நடுவில் ஒரு கற்பனை கிளப், சுற்றிலும் செல்சி, சிட்டி, வெஸ்ட் ஹாம் என்று நிஜம். ராய் கென்ட் செல்சியில் ஆடியவன் என்றதும் அவனுடைய வயது, பணம், கோபம் எல்லாம் சொல்லாமலே வந்துவிடுகிறது. இது எனக்குச் சம்மதம்.

எனக்குச் சம்மதமில்லாதது தினசரித் தொடர்கள். 'ஈஸ்ட்எண்டர்ஸ்' கிழக்கு லண்டன் கதை, ஆனால் அங்கே கொண்டாடுவது வால்ஃபோர்ட் டவுன் என்ற கற்பனை அணி. 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' மான்செஸ்டர் பக்கத்துக் கதை, அங்கே வெதர்ஃபீல்ட் கவுன்டி. பல வாரம் முன்னாலேயே படம்பிடித்து வைக்கிற தொடரில் நிஜ அணியின் நேற்றைய ஆட்ட முடிவைப் பேச முடியாது, அந்த நடைமுறைச் சிக்கல் எனக்குத் தெரியும். ஆனாலும் பேச்சு அவ்வளவு பார்த்துப் பார்த்து அந்த ஊராக இருக்கும்போது, மதுக்கடையில் நிற்கிற ஆள் வாயிலிருந்து ஒரு பொய்யான அணியின் பெயர் வந்தால் அந்த இடத்தில் எல்லாம் விட்டுப்போகிறது.

ஹூக்ளிக்கரை

பல வருடமாக கொல்கத்தாவில் இருக்கிறேன், அதனால் இதைச் சொல்லாமல் போக முடியவில்லை. நீங்கள் இரண்டு அடையாளம் என்கிறீர்கள், இங்கே அது ஒன்றே. கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பம் என்றால் பாங்கால், கிளப் ஈஸ்ட் பெங்கால். மேற்கு வங்கத்து ஆதிக் குடும்பம் என்றால் கோட்டி, கிளப் மோகன் பாகன். மோகன் பாகன் 1889-இலிருந்து இருக்கிறது, ஈஸ்ட் பெங்கால் 1920. பிரிவினைக்குப் பிறகு எல்லாவற்றையும் இழந்து சியால்தா ஸ்டேஷனில் வந்து இறங்கியவர்களுக்கு, தங்கள் ஊரின் பெயரைத் தாங்கிய ஒரு கிளப் இங்கே இருந்தது என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் வீட்டில் ஹில்சா மீன், மோகன் பாகன் ஜெயித்தால் பெரிய இறால். இன்றும் ஆட்டத்தன்று சந்தையில் இதைப் பற்றிப் பேச்சு ஓடும்.

சினிமாவில் இதன் குரல் பானு பந்தோபாத்யாய். டாக்கா பக்கம் பிக்ரம்பூர் குடும்பம். படங்களில் கொல்கத்தாவின் மெருகான வங்காளத்துக்கு நடுவே டாக்காப் பேச்சை அப்படியே பேசினார். 1953-இல் வந்த 'சாரே சுவாத்தர்' படத்தில் அவர் அத்தையம்மாவிடம் மால்புவா சாப்பிடக் கேட்கும் ஒரு வரி, எழுபது வருடத்துக்குப் பிறகும் இங்கே குழந்தைகள்கூடச் சொல்லும். அந்த வரியில் வினைச்சொல்லின் முடிவு மட்டும்தான் டாக்கா, மற்றதெல்லாம் யாரும் பேசுவது. அடுத்த வருடமே 'ஓரா தாக்கே ஓதாரே', பாங்கால் குடும்பமும் கோட்டி குடும்பமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில், பேச்சிலும் சமையலிலும் பந்திலும் மோதல். வந்தவர்கள் முகாம்களில் இருந்த காலத்தில் அவர்கள் பேச்சைத் திரையில் கேலிக்கு மட்டும் வைக்காமல், எதிர்த்து வாயாடுகிற பலத்தோடு வைத்தார்கள் என்பதற்காக எனக்கு அந்தப் படங்கள் மேல் தனி மரியாதை.

திரூர் ரோடு

ஹூக்ளிக்கரை அண்ணன் சொன்னதும் எங்கள் பக்கத்து 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) நினைவுக்கு வருகிறது. மலப்புறம் செவன்ஸ், அதாவது பக்கத்துக்கு ஏழு பேர் ஆடும் கால்பந்து, அறுவடை முடிந்த வயலில் கேலரி கட்டி ராத்திரி விளக்கில் ஆடுவது. ஆப்பிரிக்காவிலிருந்து ஆட வருகிற யாராக இருந்தாலும் இங்கே 'சுடானி' என்றுதான் கூப்பிடுவார்கள், நைஜீரியாக்காரரையும். மேலாளர் மஜீதாக வருகிற சௌபின் ஷாகிர் ஃபோர்ட் கொச்சிக்காரர், ஆனால் மலப்புறத்து மாப்பிள முஸ்லிம்களின் பேச்சு ஒரு குறையும் இல்லை. அதை விட்டுத்தள்ளுங்கள், அந்த இரண்டு உம்மாக்கள், சாவித்ரி ஸ்ரீதரனும் சரசா பாலுசேரியும், கோழிக்கோட்டு நாடக மேடையிலிருந்து வந்தவர்கள். அடிபட்டுப் படுத்திருக்கும் நைஜீரியப் பையனிடம் மலையாளத்திலேயே பேசிக்கொண்டே இருப்பார்கள், அவனுக்கு ஒரு வார்த்தை புரியாது, ஆனாலும் நிறுத்த மாட்டார்கள். எங்கள் வீட்டுப் பெரியம்மாக்கள் அப்படித்தான்.

கிரீன்ஸ்ட்ரீட் பக்கம்

நல்ல கதை இரண்டும். திரும்ப லண்டனுக்கு வருகிறேன், நடுக்களம் அண்ணாவுக்கு ஒரு இடத்தில் விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும். 'ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்ஸஸ்' தொடரில் ரோட்னியின் முழுப் பெயர் ரோட்னி சார்ல்டன் டிராட்டர். 1989-இல் அவருடைய கல்யாணக் காட்சியில் அந்த நடுப்பெயர் வெளியே வரும். அம்மா ஹாலிவுட் நடிகர் சார்ல்டன் ஹெஸ்டனின் ரசிகையா என்று கேட்டால், இல்லை, சார்ல்டன் அத்லெடிக் என்று பதில் வரும். தெற்கு லண்டன் பெக்கமில் இருக்கிற குடும்பத்துக்கு மில்வால் என்று போட்டிருக்கலாம், எல்லாரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். சார்ல்டன் தென்கிழக்கு லண்டனில் கொஞ்சம் தள்ளி இருக்கிற, பெரிய பெயரில்லாத கழகம். அப்போது அவர்களுக்குச் சொந்த மைதானம்கூட இல்லை, செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒட்டுக்குடித்தனம் இருந்த காலம். அந்தக் குடும்பத்துக்கு இதைவிடப் பொருத்தமான கழகம் கிடைக்காது. வெளிப்புறக் காட்சிகளில் பாதி பிரிஸ்டலில் எடுத்தது, அந்தக் குடும்பத்தின் வீடாகக் காட்டுகிற அடுக்குமாடிக்குப் பக்கத்தில்தான் பிரிஸ்டல் சிட்டி மைதானம். யாராவது கவனித்தார்களா? பேச்சும் பெயரும் லண்டனாக இருக்கும்போது கட்டடம் எங்கே இருந்தால் என்ன.

'பெண்ட் இட் லைக் பெக்கம்' படத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மேற்கு லண்டன் ஹவுன்ஸ்லோவில் வளர்கிற பஞ்சாபிப் பெண் ஜெஸ், ஆனால் சுவர் முழுக்க மான்செஸ்டர் யுனைடெட். சிலர் இதைப் பிழை என்பார்கள். இல்லை, தெற்காசியாவிலிருந்து வந்த எங்கட ஆக்கள் வீடுகளில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அப்பா கூட்டிப்போகிற மைதானம் என்று ஒன்று பெரும்பாலும் இருக்கவில்லை. தொலைக்காட்சியில் யார் நன்றாக ஆடினார்களோ அவர்களைப் பிடித்துக்கொண்டார்கள். என்னோடு படித்தவர்களில் பாதிப் பேர் யுனைடெட், மைதானம் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருந்தும் வெஸ்ட் ஹாம் இல்லை. முந்தி அந்தக் கேலரிகளில் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன வரவேற்பு கிடைத்தது என்று கேட்டால் அதற்கும் காரணம் விளங்கும். ஜெஸ்ஸாக நடித்த பர்மிந்தர் நாக்ரா லெஸ்டர் பெண், மேற்கு லண்டன் பேச்சு தடையில்லாமல் வந்தது.

கிளைட்முனை

ஸ்காட்லாந்தை யாரும் தொடவில்லையே. கென் லோச் 2002-இல் எடுத்த 'ஸ்வீட் சிக்ஸ்டீன்', கிளைட் ஆற்று முகத்தில் இருக்கிற கிரீனாக். கப்பல் கட்டும் தொழில் போன பிறகு பையன்கள் போதைப்பொருள் விற்கும் ஊர். நாயகன் லியாமாக வந்த மார்ட்டின் காம்ப்ஸ்டன் அப்போது நடிகரே இல்லை, கிரீனாக் மார்ட்டன் கிளப்பில் கால்பந்து ஆடிக்கொண்டிருந்த பையன். உள்ளூர் கிளப் ஆட்டக்காரன், உள்ளூர்ப் பேச்சு, உள்ளூர்க் கதை. அமெரிக்காவில் ஆங்கிலப் படத்துக்கு ஆங்கிலத்திலேயே சப்டைட்டில் போட்டுத்தான் ஓட்டினார்கள். 'டிரெயின்ஸ்பாட்டிங்' படத்துக்கும் இதே கதி, அமெரிக்க வெளியீட்டுக்காக ஆரம்பக் காட்சிகளின் வசனத்தைத் திரும்பப் பேசிச் சேர்த்தார்கள். ஆனால் அதில் 1978 உலகக் கோப்பையில் நெதர்லாந்துக்கு எதிராக ஆர்ச்சி கெம்மில் அடித்த கோலைப் பற்றிய பேச்சு இருக்கிறதே, அதை எந்த அமெரிக்கனுக்காகவும் மாற்றவில்லை. அங்கே யாருக்கு கெம்மிலைத் தெரியும்? தெரியாவிட்டாலும் போகட்டும் என்று விட்டார்கள், அது சரியான முடிவு.

அந்த காம்ப்ஸ்டன் பிறகு 'லைன் ஆஃப் டியூட்டி' தொடரில் ஸ்டீவ் ஆர்னட் என்ற போலீஸ்காரராக ஆறு சீசன் லண்டன் பேச்சிலேயே பேசினார். பிரிட்டனில் பாதிப் பேருக்கு அவர் ஸ்காட்லாந்துக்காரர் என்பதே பேட்டியில் கேட்டபோதுதான் தெரிந்தது. எனக்கு அது வருத்தம். நன்றாகச் செய்தார், குறையே இல்லை. ஆனால் கூட நடித்த ஏட்ரியன் டன்பர் வட அயர்லாந்துப் பேச்சோடும், விக்கி மெக்லூர் நாட்டிங்ஹாம் பேச்சோடும் அதே அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போது கிரீனாக் மட்டும் ஏன் வெளியே நிற்க வேண்டும்?

நடுக்களம்

கிளைட்முனை கேட்டது நியாயமான கேள்வி. என்னிடம் அதற்குச் சமாதானம் இல்லை, உங்கள் பக்கம்தான்.

இதற்கு நேர் எதிரே ஷான் பீன் இருக்கிறார். ஷெஃபீல்டில் பிறந்து ஷெஃபீல்டு யுனைடெட் ரசிகராக வளர்ந்து, தோளில் '100% பிளேடு' (பிளேடு என்பது அந்த அணியின் செல்லப் பெயர்) என்று பச்சை குத்திக்கொண்டவர். 1996-இல் 'வென் சாட்டர்டே கம்ஸ்' படத்தில் அதே அணிக்கு ஆடுகிறவராகவே நடித்தார். சொந்தப் பேச்சு, சொந்த கிளப். படம் சுமார்தான், கதை முதல் பத்து நிமிடத்திலேயே தெரிந்துவிடும். ஆனால் அவர் அந்தச் சட்டையைத் தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் நொடியில் நடிப்பு என்பதே இருக்காது. பிறகு 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' வந்தபோதும் அந்தப் பேச்சை மாற்றவில்லை, அவரைப் பார்த்து லண்டன்காரர் கிட் ஹேரிங்டன் உட்பட அவர் பிள்ளைகளாக வந்தவர்கள் வடக்குப் பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நடிகர் பிடிவாதமாக இருந்ததில் ஒரு கற்பனை நாட்டின் வடக்கு முழுக்க ஷெஃபீல்டு வாசனை வந்துவிட்டது.

புதுவரவு, உங்களுக்கு ஒரே ஒரு படம் சொல்வதென்றால் 'லுக்கிங் ஃபார் எரிக்' (2009). இதுவும் கென் லோச். வாழ்க்கை கலைந்துபோன மான்செஸ்டர் தபால்காரர் ஒருவருக்கு எரிக் கான்டோனா கண்முன் வந்து யோசனை சொல்வார், கான்டோனாவே நடித்திருக்கிறார், மார்செய்ல் வாசனையோடு அவர் பேசும் ஆங்கிலமும் தபால்காரரின் சால்ஃபோர்டு ஆங்கிலமும் சின்ன அறையில் மோதிக்கொள்வதைக் கேளுங்கள். மதுக்கடையில் ஒரு வாக்குவாதம் வரும், அதைத் தவறவிடாதீர்கள். 2005-இல் கிளேசர் குடும்பம் யுனைடெட்டை வாங்கியதும் வெறுத்துப்போய் ரசிகர்கள் எஃப்சி யுனைடெட் என்று தனிக் கிளப் தொடங்கினார்கள். அதற்குப் போனவரும் போகாதவரும் டிக்கெட் விலையைப் பற்றி, யார் துரோகி என்பதைப் பற்றிக் கத்திக்கொள்வார்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசுவதால் சப்டைட்டில் பாதியைத்தான் பிடிக்கும். முதல் முறை சப்டைட்டிலோடும் இரண்டாம் முறை அதை அணைத்துவிட்டும் பாருங்கள், பார்த்துவிட்டு அந்தச் சண்டையில் நீங்கள் யார் பக்கம் என்று இங்கே எழுதுங்கள்.

புதுவரவு77

பார்த்துவிட்டேன், இரண்டு முறையும். நான் எஃப்சி யுனைடெட் பக்கம். டிக்கெட் வாங்கக் காசில்லாமல் மதுக்கடை டிவியில்தான் பார்க்கிறார்கள் என்றால், அந்தப் பெரிய கிளப்புக்கு விசுவாசமாக இருந்து என்ன பயன் என்று அவர் கேட்பது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

பழையநாடா

நான் போகாதவர் பக்கம். முதலாளி மாறியதற்காக அப்பா கையைப் பிடித்துக் கூட்டிப்போன அணியை எப்படி விட முடியும்? வாருங்கள், பேசுவோம்.